இருபத்தெட்டு நாளிலிருந்து இருபது மணி நேரத்திற்கு



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள ஒரு வழியின் வரலாறு. ஒன்று இங்கிலாந்தின் தலைநகராகிய லண்டன். மற்றொன்று ஆஸ்திரேலியாவின் பெருநகராகிய சிட்னி. உலகின் இரு கோடிகளில் இருக்கும் ஊர்களைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த வழி நம் தலைக்கு மேலேதான் போயிற்று. நம் மண்ணில் இறங்கித்தான் இளைப்பாறியது. ஆகவே அது நம்முடைய வரலாறும் ஆகும்.

முதலில் தூரத்தை அளந்து பார்ப்போம். பள்ளியில் உள்ள உலக உருண்டையும் ஒரு முழ நூலும் இருந்தால் போதும். உருண்டையில் நூலின் ஒரு முனையை லண்டன் மேலும் மறுமுனையைச் சிட்னி மேலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். அந்த நூல் கிடக்கும் பாதைதான் மிகக் குறுகிய வழி. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். உங்கள் உருண்டையின் சுற்றளவு 1 மீட்டர் என்றால், நூலின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 400 கிலோமீட்டரைக் குறிக்கும். லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே நூல் நாற்பத்திரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். அதாவது 17,000 கிலோமீட்டர்.

சுவரில் தொங்கும் படத்தில் கோடு போட்டு அளந்தால் இந்த விடை வராது. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வடகோடியும் தென்கோடியும் இழுபட்டு அகன்று போகின்றன. ஆகையால் மாணவர்களுக்கு வான்வழித் தூரத்தைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்களும் பெற்றோரும் படத்தை விட்டு உருண்டையை எடுப்பதே நலம்.

இப்போது அதே நூலைச் சிங்கப்பூரைத் தொட்டுச் செல்லுமாறு வளைத்துப் பிடியுங்கள். எவ்வளவு கூடுகிறது? அரை சென்டிமீட்டருக்கும் குறைவு. லண்டனிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 10,900 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து சிட்னி ஏறத்தாழ 6,300 கிலோமீட்டர். நேர்வழியோடு ஒப்பிட்டால் அதிகப்படியான தூரம் 200 கிலோமீட்டர்கூட இல்லை. இந்த வழியில் நம் பகுதிக்கு ஏன் அத்தனை சிறப்பு வந்தது என்பதற்கு இந்த அரை சென்டிமீட்டரே விடை சொல்கிறது. நாம் நடுவழியில் இருக்கிறோம்; அதுவும் வழியை விட்டு விலகாமல் இருக்கிறோம்.

நேயர்களே, தூரம் ஒன்று. பறக்கும் நேரம் வேறு. பயண நேரம் வேறு. விமானம் வானத்தில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம். வீட்டை விட்டுப் புறப்பட்டவன் போய்ச் சேரும் வரை ஆகும் மொத்தக் காலம் பயண நேரம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குள் செல்வோம்.

முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1919இல், ஆஸ்திரேலிய அரசு ஒரு பரிசை அறிவித்தது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளுக்குள் விமானத்தில் வந்து சேரும் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுன் பரிசு. அக்காலத்தில் அது பெருஞ்செல்வம். போரில் விமானம் ஓட்டிப் பழகிய இளைஞர்கள் பலர் முன்வந்தனர்.

அவர்களில் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர் இருவர், பென்னட், ஷையர்ஸ் என்னும் இயந்திரப் பணியாளர் இருவரோடு 1919ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் லண்டனுக்கு அருகிலுள்ள ஹவுன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டனர். அவர்களுடைய விமானம் 'விக்கர்ஸ் விமி'. போரில் குண்டு போடுவதற்கென்று செய்யப்பட்ட இரட்டை இறக்கை விமானம் அது. ஓட்டுபவருக்கு மேலே கூரை கிடையாது. மழையும் பனியும் நேராக முகத்தில் அடிக்கும். வழி காட்ட வானொலி கிடையாது. இந்தியாவைக் கடந்த பிறகு விமானத் தளம் என்று சொல்லத்தக்க இடமும் அரிது. ஆகவே பெரும்பாலும் குதிரைப் பந்தயத் திடல்களே தளமாக உதவின.

ரங்கூன், பாங்காக், சிங்கோரா ஆகிய ஊர்களில் இறங்கி, டிசம்பர் 4ஆம் நாள் அவர்கள் சிங்கப்பூரை அடைந்தனர். எங்கே இறங்கினார்கள் தெரியுமா? சிராங்கூன் சாலைக்கு அருகே, இன்று நாம் ஃபேரர் பார்க் என்று அழைக்கும் இடத்தில் அக்காலத்தில் இருந்த குதிரைப் பந்தயத் திடலில். அந்தத் திடல் இவ்வளவு பெரிய விமானத்திற்குப் போதாது. சக்கரம் தரையைத் தொடும் வேளையில் பென்னட் இருக்கையை விட்டு வெளியே வந்து, விமானத்தின் முதுகின் மேலேயே சறுக்கிக்கொண்டு வால் பகுதிக்குப் போய்விட்டார். அவருடைய எடையால் வால் தரையில் அழுந்தியது. விமானம் சிறு தூரத்திலேயே நின்றுவிட்டது. சக்கரத்தை நிறுத்தும் கருவி இல்லாத காலத்தில் ஒரு மனிதனின் உடம்பே தடையாகப் பயன்பட்டது.

அடுத்து ஜாவாத் தீவின் சுராபாயாவில் வேறு துன்பம் நேர்ந்தது. இறங்கிய நிலம் மேலே காய்ந்தும் உள்ளே சேறாகவும் இருந்தது. விமானம் புதைந்துவிட்டது. சுற்றுப்புறத்து மக்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, தங்கள் வீடுகளின் மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து நிலத்தில் விரித்து ஓடுபாதை அமைத்துக் கொடுத்தனர். அந்தப் பாய்களின் மேல் ஓடித்தான் விமானம் மீண்டும் எழுந்தது. பாய் கொடுத்த அந்த ஏழை மக்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் அவர்கள் இல்லையென்றால் இந்த வரலாறு சுராபாயாவிலேயே முடிந்திருக்கும்.

டிசம்பர் 10ஆம் நாள் அவர்கள் ஆஸ்திரேலியாவின் வடமுனையில் உள்ள டார்வினில் இறங்கினர். பயண நேரம் 28 நாளுக்குச் சில மணி நேரம் குறைவு. கடந்த தூரம் 11,340 மைல், அதாவது 18,000 கிலோமீட்டருக்கு மேல். பறந்த நேரமோ ஏறத்தாழ 136 மணி மட்டுமே. 28 நாள் என்பது 672 மணிக்குச் சமம். ஆக, ஐந்தில் ஒரு பங்கு காலம்தான் அவர்கள் வானத்தில் இருந்தார்கள். மற்ற நான்கு பங்கும் எண்ணெய் நிரப்பவும், இயந்திரத்தைப் பழுது பார்க்கவும், சேற்றிலிருந்து விமானத்தை இழுக்கவும், சிறிது கண்ணயரவும் போயிற்று.

பரிசுப் பணத்தை நால்வரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டனர். விமானம் ஓட்டியவருக்கும் எண்ணெய்க் கறையோடு நின்ற பணியாளருக்கும் ஒரே பங்கு. உழைப்பவர் நிறைந்த நம் தோட்டங்களில் இச்செய்தியைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது தகும் என்று நாங்கள் கருதுகிறோம்.

அதே போட்டியில் புறப்பட்ட எல்லாருக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. ஒரு விமானம் லண்டனை விட்டு எழுந்த சில நிமிடங்களிலேயே விழுந்து இருவர் இறந்தனர். மற்றொன்று கிரேக்க நாட்டின் கோர்ஃபு தீவுக்கு அருகே கடலில் வீழ்ந்து இருவர் மாண்டனர். ஸ்மித் சகோதரரைத் தவிர வந்து சேர்ந்தவர்கள் பாரர், மெக்கின்டாஷ் என்னும் இருவர் மட்டுமே. அவர்கள் 1920 ஜனவரியில் புறப்பட்டு ஆகஸ்டில் டார்வினை அடைந்தனர். பரிசு கிடைக்காது என்று தெரிந்தும், 206 நாள் பாடுபட்டுப் பயணத்தை முடித்தார்கள்.

அதன் பிறகு நாட்கள் விரைவாகக் குறைந்தன. 1928இல் ஹிங்க்ளர் என்பவர் தனியாகப் பறந்து பதினைந்தரை நாளில் டார்வினை அடைந்தார். 1930இல் ஆமி ஜான்சன் என்னும் இளம்பெண் தன்னந்தனியே பத்தொன்பதரை நாளில் அவ்வழியைக் கடந்தார். 1934இல் இங்கிலாந்திலிருந்து மெல்பர்ன் வரை நடந்த பெரும் பந்தயத்தில், சிங்கப்பூர் கட்டாயமாக இறங்க வேண்டிய ஐந்து இடங்களுள் ஒன்று. அதில் வென்ற 'காமெட்' விமானம் எடுத்துக்கொண்டது 71 மணி நேரம். மூன்று நாளுக்கும் குறைவு!

அப்படியானால் பொதுமக்களும் மூன்று நாளில் போனார்களா? இல்லை. 1935இல் லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கும் இடையே பயணிகள் சேவை தொடங்கியபோது, அதற்குப் பன்னிரண்டரை நாள் பிடித்தது. பந்தயக்காரர் இரவும் பகலும் பறந்தனர். பயணிகளோ பகலில் பறந்து இரவில் விடுதியில் தங்கினர். அது மட்டுமன்று. இத்தாலி தன் வானத்தில் பிரிட்டிஷ் விமானங்களை விடாததால், பயணிகள் பாரிசிலிருந்து பிரிண்டிசித் துறைமுகம் வரை ரயிலில் போக வேண்டியிருந்தது. 'விமானப் பயணம்' என்று சீட்டு வாங்கியவர்கள் ஐரோப்பாவை ரயிலில் கடந்தார்கள்! அதற்கு முன்பே, பாரசீக அரசு தன் கரையோரமாகப் பறக்கும் உரிமையை நீட்டிக்கவில்லை என்பதால், 1932இல் வழி அரேபியக் கரைக்கு மாறி ஷார்ஜாவில் தங்குமிடம் அமைந்தது. இப்படி வளைந்து வளைந்து போனதால் பாதையின் நீளம் 12,700 மைலையும் தாண்டியது. உருண்டையில் நூல் காட்டும் வழியைவிட இது ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் அதிகம்.

கட்டணம் எவ்வளவு? ஒருவழிக்கு 195 பவுன். அக்காலத்து மலாயா வெள்ளிக் கணக்கில், ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்னும் நிலையான மதிப்பில், அது ஏறத்தாழ 1,670 வெள்ளி. 1930களில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஆடவரின் நாட்கூலி 50 காசு அளவில் இருந்தது. ரப்பர் விலை விழுந்த மந்த காலத்தில் அதற்கும் கீழே போனது. 50 காசு என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு காசும் செலவழிக்காமல், ஒரு நாளும் ஓயாமல், 3,340 நாள் உழைத்தால்தான் அந்தச் சீட்டு கிடைக்கும். ஒன்பது ஆண்டுக்கு மேல்! நம்மவர் தலைக்கு மேலே விமானம் பறந்தது. ஆனால் நம்மவர் வந்ததும் போனதும் கப்பலில்தான். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை நாகப்பட்டினம், சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய 'ரஜூலா' கப்பலை நேயர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நேரத்தைக் குறைக்க அறிவியலால் முடிந்தது. அந்தப் பயன் எல்லாருக்கும் கிட்ட இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1937 ஜூனில் சிங்கப்பூரில் காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுக்குள், 1942 பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. லண்டன்-சிட்னி வழி நடுவில் அறுந்து போயிற்று.

அறுந்த வழியை எப்படி முடிச்சுப் போட்டார்கள் என்பது வியப்பான செய்தி. 1943இல் 'கேட்டலினா' என்னும் நீர்விமானங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து, இலங்கையின் தென்கரையில் காலி நகருக்கு அருகே உள்ள கொக்கலை ஏரிக்கு இந்தியப் பெருங்கடலின் மேல் எங்கும் நிற்காமல் பறக்கத் தொடங்கின. தூரம் ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். நேரம் 27 முதல் 33 மணி வரை. கேட்டலினா மெதுவாகப் பறக்கும் விமானம். எதிரி அறியக்கூடாது என்பதால் வானொலியில் பேசாமல், நட்சத்திரங்களைப் பார்த்தே திசை அறிந்தனர். எண்ணெயின் பாரமே பெரிதாக இருந்ததால் மூன்று பயணிகளுக்கும் சிறிது தபாலுக்கும் மட்டுமே இடம். ஒரு நாளுக்கு மேல் வானத்திலேயே இருந்ததால், பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரிய உதயத்தைக் கண்டனர். ஆகவே அதற்கு 'இரட்டை உதயம்' என்றே பெயர் வழங்கலாயிற்று. 1945 வரை 271 முறை அப்பெருங்கடலைக் கடந்தும் ஒரு விமானமும் அழியவில்லை.

போர் முடிந்தபின் 1947 டிசம்பர் 1ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் 'கான்ஸ்டலேஷன்' விமானத்தைச் சிட்னியிலிருந்து லண்டனுக்கு அனுப்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று தாவித் தாவிச் சென்றதால் 'கங்காரு வழி' என்னும் பெயர் அதற்குப் பொருத்தமாக அமைந்தது. பறந்த நேரம் 55 மணி. பயண நேரம் நான்கு நாள். பயணிகள் 29 பேர். பணியாளர் 11 பேர்.

1959இல் ஜெட் விமானம் வந்தது. 1970களில் ஜம்போ என்று நாம் சொல்லும் போயிங் 747 வந்தது. ஒரே நேரத்தில் நானூறு பேர் அளவில் ஏற்றிச் செல்ல முடிந்ததால் கட்டணம் இறங்கியது. விமானம் பெரிதாகப் பெரிதாக ஓடுபாதையும் நீள வேண்டும் அல்லவா? சிங்கப்பூரில் காலாங் போதாமல் 1955இல் பாய லேபாரும், அதுவும் போதாமல் 1981இல் சாங்கியும் திறக்கப்பட்டன. கோலாலம்பூருக்கு 1965இல் சுபாங்கும் 1998இல் சிப்பாங்கும் வந்தன. விமானத்தின் வளர்ச்சியை ஓடுபாதையின் நீளத்தைக் கொண்டே அளந்துவிடலாம்.

இடையில் எங்கும் இறங்காமல் போக முடியுமா என்னும் கேள்வி எஞ்சி நின்றது. 1989 ஆகஸ்டில் குவாண்டாஸின் புதிய 747 ஒன்று, கட்டணப் பயணிகள் இல்லாமல், தனிவகை எண்ணெய் நிரப்பிக்கொண்டு லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரே மூச்சில் பறந்தது. நேரம் 20 மணி 9 நிமிடம். 2018 மார்ச்சில் பெர்த்துக்கும் லண்டனுக்கும் இடையே 14,500 கிலோமீட்டர் தூரத்தை ஏறத்தாழ 17 மணி நேரத்தில் கடக்கும் சேவை தொடங்கியது. 2019 நவம்பரில் ஐம்பது பேர் அளவே ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து சிட்னிக்கு நடந்த ஆராய்ச்சிப் பயணம் 19 மணி 19 நிமிடத்தில் முடிந்தது. 2022இல் அந்நிறுவனம் இத்தகைய பயணத்திற்கென்றே பன்னிரண்டு ஏர்பஸ் விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. அத்திட்டத்திற்கு 'உதயம்' என்னும் பொருளில், பழைய கேட்டலினாப் பயணத்தை நினைத்தே பெயர் சூட்டினர். சிங்கப்பூரிலிருந்தும் 15,300 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நியூயார்க்கிற்கு இடைநில்லாச் சேவை நடக்கிறது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 17,000 கிலோமீட்டரை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் ஏறத்தாழ 19 மணி. ஆராய்ச்சிப் பயணத்தின் நேரமும் அதுவே. அதாவது, பறக்கும் நேரமும் பயண நேரமும் இப்போது ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன.

ஆனால் கடிகாரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. லண்டனுக்கும் பெர்த்துக்கும் குளிர்காலத்தில் 8 மணி நேர வேறுபாடு. மாலை 7 மணிக்குப் பெர்த்தில் ஏறியவர் 17 மணி நேரம் பறந்து இறங்கும்போது லண்டனில் விடியற்காலை 4 மணி. கடிகாரப்படி ஒன்பதே மணி நேரம். உடம்புப்படி பதினேழு மணி நேரம். தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளி வைத்ததால், இந்தக் கணக்கு இப்போது நமக்கும் அப்படியே பொருந்தும். காற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் கடுங்காற்று இருப்பதால், கிழக்கே போகும் விமானம் விரைவாகவும் மேற்கே போகும் விமானம் தாமதமாகவும் சேரும்.

எண்ணெயும் காற்றும் மட்டும் நேரத்தை முடிவு செய்வதில்லை, நேயர்களே. 2022இல் உக்ரைன் போர் மூண்டபின் ரஷ்யாவின் வானம் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போன விமானம் சுற்றி வளைத்து ஏறத்தாழ 13 மணி நேரம் பறக்கலாயிற்று. 2024 ஏப்ரலில் மத்திய கிழக்கில் பதற்றம் மிகுந்தபோது, பெர்த்திலிருந்து லண்டனுக்கு நேராகப் போக வேண்டிய விமானம் சில காலம் சிங்கப்பூரில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போக நேர்ந்தது. 1932இல் பாரசீகக் கரையை விட்டு விலகிய கதையும், ஐரோப்பாவை ரயிலில் கடந்த கதையும், 1942இல் வழி அறுந்த கதையும் புதிய உருவில் திரும்பி வந்ததைக் காண்கிறோம்.

இந்த நூறு ஆண்டுக் கணக்கு நமக்கு மூன்று உண்மைகளைக் காட்டுகிறது. இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் மாறுவதில்லை. 1919இலும் அதுதான், இன்றும் அதுதான். நேரத்தைக் குறைத்தது இயந்திரம் மட்டுமன்று. வால்மேல் ஏறிய பென்னட்டும், பாய் விரித்த சுராபாயா மக்களும், நட்சத்திரம் பார்த்த மாலுமியும் சேர்ந்து குறைத்தார்கள். அப்படிக் குறைத்த நேரத்தை ஒரு போர் ஒரே இரவில் கூட்டிவிடக்கூடும். உலகம் சுருங்கிவிட்டது என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். நாடுகள் ஒன்றையொன்று தம் வானத்தில் பறக்க விடும் வரைதான் அது சுருங்கியிருக்கும்.

ஒன்பது ஆண்டுக் கூலி கொடுத்தாலன்றிக் கிட்டாத சீட்டை, அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒரு சில மாதச் சம்பளத்தில் வாங்கிப் படிப்புக்கும் வேலைக்கும் புறப்படுகிறார்கள். அவர்களை வழியனுப்பும் பெற்றோர், ஒரு முழ நூலை எடுத்து, பிள்ளை போகும் வழியை உருண்டையின் மேல் வைத்துப் பார்க்கட்டும். வீட்டில் இருக்கும் இளைய பிள்ளைகளையும் அருகில் அழைத்து அந்தக் கணக்கைப் போடச் சொல்லட்டும். பூகோளமும் கணிதமும் வரலாறும் அந்த ஒரு முழ நூலில் இருக்கின்றன.